சூளைக் கோர்ட்டின் இரண்டு கோடுகள்

2019 மார்ச் 12 — 147 டாலர்
2022 நவம்பர் 1 — 147 டாலர்
2023 ஜூன் 6 — 147 டாலர்
2023 நவம்பர் 29 — 294 டாலர்
2024 ஏப்ரல் 10 — 294 டாலர்

பாறசாலைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் செங்கல் சூளை வைத்திருக்கும் யோசுவாவின் மகள் சிஜி, தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரியாக முதல் ஐந்தாண்டுகளில் வாங்கிய பரிசுப் பணம் முழுவதும் இந்த ஐந்து வரிகளில் அடங்கிவிடுகிறது. 147 என்றால் முதல் சுற்றிலேயே தோல்வி. 294 என்றால் ஒரு ஆட்டம் வென்று அடுத்ததில் தோல்வி. இவற்றுக்கு நடுவே அவள் ஆடிய மற்றப் போட்டிகள் இந்தப் பட்டியலில் இல்லை. தகுதிச் சுற்றில் தோற்றவர்களுக்குப் பணம் கிடையாது.

யோசுவா என் எதிர்வீட்டுக்காரன். மகள் ஆடும்போது அவனால் ஓரிடத்தில் உட்கார முடியாது என்பதால், ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுதியே ஓய்வுபெற்ற என்னிடம் ஆட்டக் கணக்கை ஒப்படைத்தான். சிஜி எந்த ஊரிலிருந்தாலும் ஆட்டம் முடிந்ததும் போன் செய்து ஒவ்வொரு கேமாகச் சொல்வாள். சொல்லும்போதும் நடந்துகொண்டேதான் இருப்பாள். காலடிச் சத்தம் போனில் கேட்கும்.

அவளை ஓரிடத்தில் நிறுத்திப் படம் எடுத்தவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்துக் குழுப் படங்களில் எல்லாம் அவள் முகம் மட்டும் அசைந்து கலங்கியிருக்கும். சாப்பாடு நின்றுகொண்டுதான். ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கம் நீண்டுவிட்டால், விமலகுமாரி மகளின் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருப்பதைப் பின்வரிசையிலிருந்து நானே பலமுறை பார்த்திருக்கிறேன். விமலகுமாரி அவளுடைய அம்மா. கூட்டுறவு வங்கியில் எழுத்தர். மகள் எங்காவது நிலைத்து நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

டென்னிஸ் இந்த வீட்டுக்குள் செங்கல் பொடி வழியாக வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு கிளப்பின் மண் கோர்ட்டுகளுக்கு மேலே தூவ, உடைந்த செங்கலை இடித்துச் சலித்த பொடி வேண்டும். யோசுவா அதைக் கொண்டுபோய் இறக்குவான். பணத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்தது. 2009இல் கிளப் கழித்துப்போட்ட வலை ஒன்றையும் இரண்டு மட்டைகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கூடவே மைதானக்காரரிடம் எழுதி வாங்கிய அளவுச் சீட்டு. நீளம் எழுபத்தெட்டு அடி, அகலம் முப்பத்தாறு அடி. வீட்டுக்கு மேற்கே, சுடாத பச்சைக்கல் காயப்போடும் களத்தில் இடம் பார்த்தான். சிஜிக்கு அப்போது ஒன்பது வயது.

அளந்து கோடு போட மோகனன் ஆசாரியைக் கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் வீடானாலும் கிணறானாலும் மாட்டுத்தொழுவமானாலும், ஆசாரி வந்து தன் கோலால் சுற்றளவைக் கணக்கிட்டு, நல்ல யோனி விழுகிறதா என்று பார்க்காமல் யாரும் ஒரு கல் வைக்கமாட்டார்கள். அந்தக் கணக்கில் மிஞ்சும் எண்தான் யோனி. மொத்தம் எட்டு, அதில் நாலு நல்லது, நாலு கெட்டது. அளவுச் சீட்டைக் கோல் கணக்குக்கு மாற்றிப் பார்த்த ஆசாரி தலையை ஆட்டினார்.

"எலே யோசுவா, இது தூம யோனியாக்கும். புகை. பிள்ளை ஓடி விளையாடுத இடத்திலே புகை விழப்பிடாது."

"சூளைக்காரன் வீட்டிலே இல்லாத புகையா அண்ணே? இது என்ன வீடா, கிணறா? பந்து அடிக்குத இடமில்லியா?"

"நாலு பக்கமும் கோடு உண்டெங்கில் சுத்தளவு உண்டு. சுத்தளவு உண்டெங்கில் யோனியும் உண்டு."

விமலகுமாரி நடுவே புகுந்தார். "எது நல்ல கணக்கோ அதையே போடுங்க அண்ணே. சபையிலே மட்டும் சொல்லாண்டாம்."

"உங்க சபை ஹாலுக்கு அளந்ததும் நான்தான் கேட்டியா," என்றார் ஆசாரி.

வீட்டுக்கு மேற்கே என்றால் ரிஷப யோனி வேண்டும். அதற்குச் சுற்றளவு தொண்ணூற்றைந்து கோலாகக் குறைய வேண்டும். வலைக்குக் குழி தோண்டிக் கம்பு நட்டாகிவிட்டது. அகலத்திலும் கை வைக்க முடியாது. ஆசாரி வடக்கு நுனியில் மட்டும் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டார். அந்தப் பக்கம் செங்கல்லுக்கு மண் எடுத்த பழைய குழி, தண்ணீரோடு கிடந்தது. அதன் விளிம்பு பொலபொலவென்று உதிரும் என்பதால் தள்ளியது நல்லதாகவே எல்லோருக்கும் தோன்றியது. எவ்வளவு தள்ளினார் என்று யாரும் கேட்கவில்லை.

யோசுவாவுக்கு முழங்கால் வலி. பந்து வாளியோடு அவன் தெற்குப் பக்கம் நின்றுகொண்டான். சிஜி பதினைந்து ஆண்டுகள் வடக்குப் பக்கம் நின்றாள். கோட்டுக்கு நாலைந்து அடி பின்னால் குழி. பின்னால் நகர்ந்தால் தண்ணீரில்தான் விழ வேண்டும், விழுந்தும் இருக்கிறாள். தவறவிட்ட பந்தை எடுக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் விமலகுமாரியின் வசவு. ஆகையால் பந்து தன்னைக் கடக்கும் முன்பே அடித்துவிடப் பழகினாள்.

அவளுடைய ஆட்டம் அதுதான். பேஸ்லைன் என்பது கோர்ட்டின் இரு நுனியிலும் கிடக்கும் கோடு. பெரும்பாலான பெண்கள் அதற்கு மூன்றடி, நான்கடி பின்னால் நின்று, பந்து துள்ளி எழுந்து இறங்கும்வரை காத்திருந்து அடிப்பார்கள். சிஜி கோட்டுக்கு உள்ளே நிற்பாள். தரையில் பட்ட பந்து எழும்பத் தொடங்கும்போதே, முழங்கால் உயரத்தில், மட்டையைப் பின்னுக்கு இழுக்காமல் தட்டி அனுப்பிவிடுவாள். வேகம் அவளுடையது அல்ல, எதிராளியுடையது. அதை வாங்கித் திருப்பிக் கொடுப்பாள். எதிரில் நிற்பவள் அடித்துவிட்டு நிமிர்வதற்குள் பந்து அவள் காலடியில் கிடக்கும். ஐந்தடி இரண்டு அங்குல உயரத்தை வைத்துக்கொண்டு ஆறடிப் பெண்களை அவள் மூச்சு வாங்கவைத்தது இப்படித்தான்.

ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் அடியான சர்வ் மட்டும் கடைசிவரை சரிப்படவில்லை. எதிராளி சர்வ் செய்யும் கேமை வென்றுவிடுவாள், தான் சர்வ் செய்யும் கேமை இழப்பாள். முதல் சர்வ் வலையின் மேல்பட்டையில் மோதி விழும். ஓரிரண்டு அங்குலம்தான் குறையும். கணக்கு எழுதும் எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. வீட்டுக் கோர்ட்டில் பத்துக்கு ஏழு உள்ளே விழுவது, வெளியூரில் பத்துக்கு நாலுதான் விழும்.

உலகத் தரவரிசையில் பெயர் வர, ஓராண்டுக்குள் குறைந்தது மூன்று போட்டிகளில் ஒவ்வொரு புள்ளியாவது எடுத்திருக்க வேண்டும். அவள் ஆடும் சிறிய போட்டிகளில் முதல் சுற்றை வென்றால் ஒரு புள்ளி. புள்ளி கணக்கில் ஏற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஏறிய ஐம்பத்திரண்டு வாரத்தில் உதிர்ந்துவிடும். மேலே உள்ள இரண்டு 294களும் இரண்டு புள்ளிகள். 2023 நவம்பரில் சோலாப்பூரில் எடுத்தது 2024 டிசம்பர் 9ஆம் தேதி உதிரும். அதற்குள் மூன்றாவது புள்ளி கணக்கில் ஏறவேண்டும். ஏறாவிட்டால் மறுபடியும் ஒன்றே ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு வயது இருபத்துநாலு.

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய பயிற்சியாளர் அனூப் சூளைக்கு வந்தார். முன்பு தேசிய அளவில் ஆடியவர்; மூன்று ஆண்டுகளாகத் திருவனந்தபுரத்தில் அவளுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். எவ்வளவு சொல்லியும் இந்தப் பெண் ஏன் கோட்டுக்குள் போய் நிற்கிறாள் என்று அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். வந்தவர் கோர்ட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். தெற்கே நின்றார். வடக்கே நின்றார். மறுபடியும் தெற்கே போனார். பிறகு வண்டியிலிருந்து டேப் எடுத்துவந்தார்.

"சேட்டா, இந்தக் கோர்ட்டு ஆரு அளந்தது?"

"மோகனன் அண்ணன். என்ன சார், கோணலா கிடக்குதா?"

"கோணல் இல்ல. குறைவு. வலையிலேருந்து முப்பத்தொம்பது அடி வேணும். இங்கே முப்பத்தேழு அடி, ரெண்டரை அங்குலம்."

இருபத்தொன்றரை அங்குலம் குறைவு. தெற்குப் பக்கம் அளவு சரியாக இருந்தது. ஆள் அனுப்பி ஆசாரியைக் கூப்பிட்டார்கள்.

"குறைவெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார் ஆசாரி, டேப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல். "தொண்ணூற்றஞ்சு கோல், சுத்தமான ரிஷப யோனி. உங்க கணக்குதான் சார் தூமத்திலே போய் முட்டுது."

"அண்ணே, டென்னிஸுக்கு யோனி இல்ல!"

"அது உங்களுக்கு ஆரும் பார்த்துச் சொல்லாததுகொண்டு."

யோசுவா சிரித்துவிட்டான். சிஜி சிரிக்கவில்லை. கோட்டிலிருந்து குழி விளிம்புவரை போனாள், வந்தாள், போனாள்.

"அப்ப நான் பதினஞ்சு வருஷமா தப்பான இடத்திலேதான் நின்னேனா?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் போய்விட்டாள். சூளைக் கோர்ட்டில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்றாள். அனூப் அவளைக் கோட்டுக்கு மூன்றடி பின்னால் நிறுத்தினார். பந்து ஏறி இறங்கட்டும், காத்திரு என்றார். சர்வுக்குப் பந்தை இன்னும் முன்னால், இன்னும் உயரத்தில் எறியச் சொன்னார். சர்வ் திருந்தியது. மற்றதெல்லாம் கெட்டது. காத்திருப்பது அவளுக்குத் தெரியாத வேலை. பின்னால் நின்று, பந்து வரும் வழியைப் பார்த்துக்கொண்டு, யோசிக்க நேரம் கிடைத்ததுதான் அவளுக்குப் பகையாயிற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஐந்து போட்டிகள்; ஒன்றில்கூடப் பிரதானச் சுற்றில் ஒரு ஆட்டம் வெல்லவில்லை. போனில் கணக்குச் சொல்லும்போது காலடிச் சத்தம் கேட்கவில்லை. ஓரிடத்தில் நின்றே சொன்னாள். அதுதான் எனக்குக் கவலை தந்தது.

செப்டம்பர் 17ஆம் தேதி கொச்சியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் வேலை. நவம்பர் 20 காலை பத்தரை மணிக்குச் சேர வேண்டும். நிறுவன அணிக்காக ஆடலாம்; முதல் ஆண்டில் வெளிநாடு போக விடுப்பு இல்லை. விமலகுமாரி அதை வாசித்துவிட்டு முற்றத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வந்து, நானும் ஒருமுறை வாசித்து அர்த்தம் அதுதான் என்று சொன்ன பிறகே அழுதார்.

சிஜி அந்த வாரக் கடைசியில் வந்தாள். சமையலறை வாசலில் அம்மாவும் மகளும்.

"புள்ளி உதிரும் பிள்ளே. சம்பளம் உதிராது."

"ஒரே ஒரு மட்டம் அம்மா. ஒரு மட்டம் எனக்க பேரு அந்த லிஸ்டிலே வரணும். பின்ன நீ எங்க சொன்னாலும் போய் இருக்கேன்."

"இருப்பியா? நீயா? சாப்பிடுததுக்கே இருக்கமாட்டே."

"மாமா," என்று என்னைப் பார்த்தாள், "நீங்க சொல்லுங்க. டிசம்பர் ஒம்பது வரைக்கும் இன்னும் எத்தனை போட்டி உண்டு?"

நான் எண்ணிக்கையைச் சொன்னேன். விமலகுமாரி என்னை முறைத்தார். அன்றிலிருந்து இரண்டு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை.

அக்டோபரில் மழை பிடித்தது. மழையில் சூளை எரியாது. பச்சைக்கல் தார்ப்பாய்க்குள் கிடக்கும். யோசுவாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அவனும் மகளைப் போலத்தான். ஒருநாள் காலை வடக்கே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சூளையின் உடைகல்லை அள்ளி அள்ளிக் குழிக்குள் கொட்டிக்கொண்டிருந்தான். தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்திருந்தான்.

"எலே, முழங்கால்?"

"அது கிடக்கட்டும். குழியை மூடிட்டு, அளவுச் சீட்டிலே எழுதியிருந்தபடி கோடு போடணும். எனக்க பிள்ளைக்கு நான் குறைச்சுக் கொடுத்தாச்சு இல்லியா?"

மழை விட்ட இரண்டு வாரங்களில் குழி தூர்ந்தது. மேலே பொடி விரித்து உருளை உருட்டினான். பழைய கோட்டைச் சுரண்டிவிடுவது என்று வைத்துக்கொண்டு, இருபத்தொன்றரை அங்குலம் தள்ளிச் சுண்ணாம்பால் புதுக்கோடு போடக் கயிறு பிடித்தபோது மோகனன் ஆசாரி வந்து குறுக்கே நின்றார்.

"பழைய கோட்டிலே கை வைக்காதே."

"அண்ணே, அதுதானே தப்பு!"

"புதுக்கோடு நீ எங்க வேணும்னாலும் போடு. அது வெளியே போட்ட வராந்தா மாதிரி. வராந்தாவுக்குக் கணக்கு இல்ல. ஆனா அந்தக் கோட்டை அழிச்சா யோனி போச்சு. பிள்ளை பயணம் போகப்போகுத நேரம். நான் சொல்லியாச்சு."

வயதில் மூத்தவரை எதிர்த்துப் பேச யோசுவாவுக்கு மனம் வரவில்லை. தவிர, மகள் அந்த ஆண்டு அத்தனை தோற்றிருந்தாள். எதையும் அழிக்க அவனுக்கே பயமாக இருந்தது. இப்படியாக வடக்குப் பக்கம் இரண்டு கோடுகள் ஆயின. உலகத்தில் வேறெங்கும் இப்படியொரு கோர்ட் இருக்காது.

அப்பா குழியை மூடினார் என்று கேட்டுத்தான் சிஜி வந்தாள். புதுக்கோட்டுக்குப் பின்னால் நின்று சர்வ் செய்தாள். உள்ளே விழுந்தது. யோசுவா திருப்பி அடித்தான். அவள் கால் தானாகவே ஒரு எட்டு முன்னால் போய்ப் பழைய கோட்டில் நின்றது. பந்தை எழும்பும்போதே தட்டினாள். மறுபடியும் சர்வ், மறுபடியும் ஒரு எட்டு. வெளிக்கோட்டிலிருந்து சர்வ், உள்கோட்டிலிருந்து ஆட்டம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று மாலை வாளியில் இருந்த பந்துகள் தீர்ந்து, பொறுக்கி, தீர்ந்து, யோசுவா கால் வலி தாங்காமல் தரையில் உட்கார்ந்த பிறகும் அவள் வெறும் மட்டையோடு அந்த ஒரு எட்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 27 அன்று அனூப் வந்து பார்த்தார். முதலில் கோபப்பட்டார்.

"ரெண்டு கோடு இருந்தா கண்ணு குழம்பும். வெளியூரிலே ஒரு கோடுதானே இருக்கும்?"

"எனக்கு ரெண்டும் தெரியும் சார்," என்றாள் சிஜி. "எங்க போனாலும் உள்ளே ஒண்ணு கிடக்கும்."

ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு மட்டையை எடுத்துத் தானே தெற்குப் பக்கம் இறங்கி ஆடினார். வியர்த்துக் களைத்து வெளியே வந்தபோது ஆசாரி மூங்கில் வேலியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"எப்பிடி உண்டு சார், ரிஷபம்?"

"முட்டுது அண்ணே," என்றார் அனூப்.

துருக்கியில் அன்டால்யா என்ற ஊரில் அடுத்தடுத்த வாரங்களில் போட்டிகள் இருந்தன. செங்கல் பொடி போட்ட மண் கோர்ட்டுகள். முதல் வாரம் நவம்பர் 18. வேலையில் சேர வேண்டிய நாளோ நவம்பர் 20. சேரும் நாளை ஒரு மாதம் தள்ளித்தரக் கேட்டு நவம்பர் 4 அன்று நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினார்கள். எழுதியவர் விமலகுமாரி. அவருக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அலுவலகக் கடிதத்தை வேறு யாரும் ஒழுங்காக எழுதமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். பதில் வரவில்லை. தபால்காரர் சுந்தரதாஸின் வண்டிச் சத்தம் கேட்டால் மூன்று பேரும் வாசலுக்கு வருவார்கள். மின்சாரக் கட்டணம், சபைப் பத்திரிகை, வேறு யாருக்கோ வந்த கல்யாணக் கடிதம். நவம்பர் 14 வரை பதில் இல்லை. அன்று புறப்பட்டாக வேண்டும்.

"போவேண்டாம்னு நான் சொல்லல்ல," என்றார் விமலகுமாரி. "இருபதாம் தேதி, பத்தரை மணி. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்க."

"வாறேன் அம்மா," என்றாள் சிஜி. அதற்குள் அவள் வண்டியில் ஏறியிருந்தாள்.

தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம் வென்று பிரதானச் சுற்றுக்குள் நுழைந்தாள். முதல் சுற்று நவம்பர் 20, புதன்கிழமை. எதிராளி ருமேனியாவைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண். கொச்சியில் பத்தரை மணி ஆனபோது அன்டால்யாவில் காலை எட்டு மணி. சிஜி கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள் என்று யோசுவாவுக்குச் செய்தி வந்தது. ஆட்டம் நம் நேரப்படி பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. சூளைக் கொட்டகையில் யோசுவா, ஆசாரி, நான். படம் கிடையாது. போனில் எண்கள் மட்டும் மாறும்.

முதல் செட் 6-7. யோசுவா எழுந்து வெளியே போனான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டுறவு வங்கியிலிருந்து அவன் போனுக்கு விமலகுமாரியின் அழைப்பு வந்தது.

"காஸ் சிலிண்டர் வந்துதா?"

"வரல்ல."

"செரி." போனை வைக்கவில்லை. "வேற ஒண்ணும் வந்துதா?"

"முதல் செட் போச்சு விமலா."

"நான் அதைக் கேக்கல்ல."

இரண்டாவது செட் 6-4, சிஜிக்கு. மூன்றாவதில் 5-5 வந்ததும் எண்கள் நின்றுவிட்டன. எல்லை ஊர்க்காரர்களின் போனுக்கு இது வழக்கமான நோய். ஒரு டவரிலிருந்து மறு மாநிலத்து டவருக்குத் தாவும்போது உயிர் போய்விடும். யோசுவா போனைக் கையில் உயர்த்திக்கொண்டு களத்தில் ஓடினான். முழங்கால் வலி நினைவில்லை. கோர்ட்டைத் தாண்டி, தூர்த்த குழியின் மேல் போய் நின்றபோது எண்கள் மாறின. 7-5.

ஆசாரி முதலில் கேட்டார்: "ஆருக்கு?"

யோசுவா போனைத் தாழ்த்தினான். விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அடுத்து போன் செய்தவர் விமலகுமாரி. யோசுவாவின் கையிலிருந்து போனை வாங்கி நான் எடுத்தேன். சிலிண்டரைப் பற்றிக் கேட்கவில்லை. "வங்கியிலே எல்லாரும் பார்த்தாச்சு," என்றார். என்னிடம் அவர் பழையபடி பேசத் தொடங்கியது அன்றுதான்.

மாலையில் சிஜி கணக்குச் சொன்னாள். காலடிச் சத்தம் திரும்ப வந்திருந்தது. பொடி எப்படி என்று யோசுவா கேட்டான். நம்முடையதைவிட நைஸ், ஆனால் நிறம் போதாது என்றாள். கடைசிப் புள்ளியில் அந்தப் பெண்ணின் இரண்டாவது சர்வ் மெதுவாக வந்ததாம். "நான் உள்கோட்டையும் தாண்டிப் போய் அடிச்சேன் மாமா. அவ அசையல்ல. நின்ன இடத்திலேயே நின்னா."

டிசம்பர் 2, திங்கள்கிழமை, அந்த மூன்றாவது புள்ளி கணக்கில் ஏறி, உலகத் தரவரிசையில் அவள் பெயர் முதல்முறையாக வந்தது. 1318ஆவது இடம்.

"ஆயிரத்து முந்நூத்திப் பதினேழு பேருக்குப் பின்னால நிக்கதுக்கா இந்த ஓட்டம்?" என்றார் விமலகுமாரி. சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைத் தன் போனில் படமெடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஆனால் அந்த இடத்துக்கு ஆயுள் ஒரு வாரம். டிசம்பர் 9இல் சோலாப்பூர்ப் புள்ளி உதிர்ந்தால் மறுபடியும் இரண்டே புள்ளியாகிவிடும். ஒரு மட்டம் பெயர் வந்தால் போதும் என்று சொன்னவள் திரும்பிவரவில்லை. நவம்பர் 26 அன்று முதல் சுற்றில் தோற்றாள், 147 டாலர். டிசம்பர் 4 அன்று ஒரு செக் நாட்டுப் பெண்ணை நேர் செட்டுகளில் வென்றாள். 294 டாலர், இன்னொரு புள்ளி. அது கணக்கில் ஏறும் நாள் டிசம்பர் 16. இடையில் ஒரே ஒரு திங்கள்கிழமை மட்டும் அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

அந்தத் திங்கள்கிழமை காலை யோசுவா போனைத் திறந்து தேடினான். இல்லை என்று தெரிந்தும் தேடினான். பிற்பகல் சுந்தரதாஸ் வண்டியை நிறுத்தினார். விமலகுமாரி அன்று அரை நாள் விடுப்பு. வாசலில் நின்றபடியே உறையைப் பிரித்தார். ஐந்து வரிகள். குறித்த நாளில் பணியில் சேராததால் நியமனம் ரத்து செய்யப்படுகிறது; இது தொடர்பாக மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து இல்லை.

அவர் கடிதத்தை மடித்தார். பிரித்தார். மடித்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"அம்மா, கொச்சியிலேருந்து ஏதாவது வந்துதா?"

"வந்துது."

"என்ன எழுதியிருக்கு?"

விமலகுமாரி முற்றத்தில் இறங்கி நடக்கத் தொடங்கினார். களத்தின் பக்கம் போனார். வடக்குக் கோடுகளின் அருகில் நின்றார். கோர்ட் போட்ட நாளுக்குப் பிறகு நான் அவரை அங்கே பார்ப்பது அதுதான் முதல்முறை.

"நாளைக்கு உனக்கு ஆட்டம் உண்டா?"

"உண்டு அம்மா. காலையிலே. என்ன எழுதியிருக்கு?"

"வெளிக்கோட்டுக்குப் பின்னால நின்னு சர்வ் செய்யி. அவசரத்திலே கோட்டை மிதிச்சிராதே. பின்ன உள்ளே போயிரு."

மறுமுனையில் காலடிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

கொச்சியிலிருந்து வந்த கடைசிக் கடிதம் அது. வந்த நாள் 2024 டிசம்பர் 9, திங்கள்கிழமை.